சூடானால் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் கார்: அளந்து பார்த்துச் செய்த வேலைகள்

காலையில் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு மணி நேரம் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்கப் போனால்தான் தகராறு. செல்ஃப் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். எட்டுப் பத்து வினாடிக்குப் பிறகே இன்ஜின் பிடிக்கும். பிடித்தபின் ஒரு குறையும் தெரியாது. புகை இல்லை, இழுவை குறையவில்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

வண்டி 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டீசல். அதாவது ஹை பிரஷர் பம்ப் அமுக்கும் டீசல் ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும். டர்போ, ஈஜிஆர் (எரிந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் வால்வு), டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எல்லாம் உண்டு. புதிதாக வாங்கியது; பிள்ளைகள் குழந்தை இருக்கையிலிருந்து முன் இருக்கைக்கு வளர்ந்தது இந்த வண்டியில்தான். இப்போது இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பாடியில் துரு இல்லை, கியர் பாக்ஸ் சுத்தமாக இருக்கிறது, ஆயில் குடிப்பதில்லை. அதனால் விற்கும் எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை.

குறையைச் சொன்னதும் வந்த பதில்கள் மூன்று. இன்ஜெக்டர் நான்கையும் மாற்று; ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது; இனிமேல் செலவுதான், தள்ளிவிடு. மூன்றில் எதைச் சொன்னவரும் ஒரு மீட்டரைக்கூட வண்டியில் வைத்துப் பார்க்கவில்லை. பழைய டீசல் வண்டியில் ஒரு அறிகுறிக்கு ஐந்தாறு காரணங்கள் இருக்க முடியும். அவற்றில் மலிவான காரணமும் விலை கூடிய காரணமும் ஓட்டுபவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். நல்ல வண்டிகள் பல, பாகம் தேய்ந்து போனதால் அல்ல, யூகத்தில் பாகம் மாற்றி மாற்றிச் செலவு மிஞ்சிப் போனதால்தான் உடைப்புக்குப் போகின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அளந்து பார்க்காமல் எதையும் கழற்றுவதில்லை.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. டீசல் தானாகப் பற்றுவதற்குச் சுமார் 210 டிகிரி போதும். எனவே ஸ்டார்ட் ஆவதற்குத் தேவை மூன்று: இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், அமுக்கிய காற்று சூடாக இருக்க வேண்டும், சரியான அழுத்தத்தில் டீசல் பீய்ச்ச வேண்டும். குளிரில் மட்டும் தகராறு செய்தால் ஹீட்டர் பிளக், பேட்டரி, டீசல் லைனில் காற்று என்று தேட வேண்டும். சூட்டில் மட்டும் என்றால் கதையே வேறு. சூடான டீசல் மெலிந்துவிடும். தேய்ந்த இடுக்கு எங்கிருந்தாலும் அதன் வழியே எளிதாக ஒழுகிவிடும். ரெயிலில் அழுத்தம் ஏறாது. பெரும்பாலான காமன் ரெயில் வண்டிகளில், ஸ்டார்ட் ஆகும்போது ரெயில் அழுத்தம் 150 முதல் 250 பார் வரையுள்ள ஏதோ ஒரு வரம்பைத் தொடாவிட்டால் இசியூ எனும் இன்ஜின் கணினி இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் ஒரு சொட்டு டீசல் சிலிண்டருக்குள் போகாது. புகை வராததன் காரணமும் அதுதான். டீசல் உள்ளே போயும் பற்றாமலிருந்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்திருக்கும்.

ஆனாலும் முதலில் பார்த்தது பேட்டரியை. சுற்றும் வேகம் குறைந்தால் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் ஏறுவதும் தாமதமாகும். மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து ஸ்டார்ட் செய்தேன், சுற்றும்போது 10.4 வோல்ட். 9.6-க்குக் கீழே இறங்காதவரை பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து மறுபடி சுற்றினேன். இங்கே 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்தான் காட்ட வேண்டும். காட்டியது 0.7. அதாவது செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி எர்த் வழியில் வீணாகிறது.

கியர் பாக்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போகும் எர்த் பட்டையைக் கழற்றினேன். பின்னிய செம்புக் கம்பி, இடுக்கில் பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்திருந்தது. புதுப் பட்டை போட்டு, அது உட்காரும் இரண்டு இடங்களையும் பெயின்ட் போகத் தேய்த்து, போல்ட் முறுக்கிய பின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மீட்டர் 0.1-க்கு வந்தது. இன்ஜின் கணினியிலுள்ள எண்களைக் காட்டும் ஸ்கேனரில் சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 190-லிருந்து 250-க்கு ஏறியது. சூட்டில் ஸ்டார்ட் ஆகும் நேரம் பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. பழைய வண்டியில் இப்படித்தான் இரண்டு குறைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். ஒன்றை எடுத்தால்தான் அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும்.

இப்போது ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பார்க்க வேண்டும். இதற்குப் பட்டறை வைத்திருக்கும் பெரிய கருவி தேவையில்லை. ஓபிடி எனும் சோதனை சாக்கெட்டில் செருகி, கைப்பேசியில் பார்க்கும் சின்ன அடாப்டரே இந்த எண்ணைக் காட்டும். குளிர்ந்த இன்ஜினில் சாவியைத் திருப்பிய ஒரு வினாடிக்குள் 300 பார். சூட்டில் 90, 120, 140 என்று நொண்டி நொண்டி ஏறுகிறது. 200-ஐத் தாண்டிய நொடியில் இன்ஜின் பிடிக்கிறது. சந்தேகம் தீர்ந்தது, அழுத்தம் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகக்கூடிய இடங்கள் மூன்றுதான்: இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன், ரெயிலிலுள்ள பிரஷர் கன்ட்ரோல் வால்வு, பம்ப். இதில் முதலாவது வீட்டிலேயே அளக்கக்கூடியது.

ரிட்டர்ன் அளவைப் பார்ப்பது

இன்ஜெக்டருக்குள் வரும் டீசல் முழுவதும் சிலிண்டருக்குள் போவதில்லை. ஒரு சிறு பங்கு உள்வால்வை இயக்கிவிட்டு, தலையிலுள்ள மெல்லிய ரப்பர் குழாய் வழியே டேங்குக்குத் திரும்பும். இன்ஜெக்டர் தேயத் தேய இந்தப் பங்கு கூடும். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் பிடுங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அளவு கோடு போட்ட நான்கு பாட்டில்களில் விட்டேன். டேங்குக்குப் போகும் பக்கத்து முனையைக் கட்டாயம் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில வண்டிகளில் அந்த வழியே டீசல் கொட்டும், சிலவற்றில் காற்று உள்ளே போகும். இன்ஜின் சூடான பின் ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல்) சில நிமிடம் ஓடவிட்டு நான்கு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இங்கே மில்லிலிட்டர் கணக்கைவிட ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசமே முக்கியம்.

முதல், இரண்டாம், நான்காம் பாட்டில்கள் ஏறக்குறைய ஒரே மட்டம். மூன்றாவது மட்டும் மற்றவற்றைப்போல மூன்று மடங்கு. நான்கையும் மாற்றச் சொன்ன இடத்தில் உண்மையில் கெட்டிருந்தது ஒன்று.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இந்தச் சோதனை மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு வகை இன்ஜெக்டர்களுக்கு. மின்சாரம் பட்டதும் நீளும் படிகத்தால் இயங்கும் பீசோ வகை இன்ஜெக்டர்கள் பலவற்றில் ரிட்டர்ன் பக்கமே சுமார் 10 பார் அழுத்தத்தில் இருக்க வேண்டும். குழாயைத் திறந்து பாட்டிலில் விட்டால் அவை வேலையே செய்யாது. மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. ரப்பர் ரிட்டர்ன் குழாயைத் தொடலாம். ரெயிலிலிருந்து வரும் இரும்புக் குழாயை இன்ஜின் ஓடும்போது ஒருபோதும் தளர்த்தக் கூடாது. ஐடிலிலேயே அதற்குள் 250, 300 பார் இருக்கும். முழு வேகத்தில் 1,600 பார். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை வழியே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. ஆனால் அது உடனடியாக அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். பழைய இயந்திர பம்ப் காலத்தில் குழாய் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகப் பயணிகள் கார்களுக்குக் காமன் ரெயில் வந்துவிட்டது. அந்தப் பழைய பழக்கத்தை இதில் தொடர்பவரைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.

மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றுவதற்குப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. அதன் அடியைச் சுற்றி, தார் ஊற்றியது போல் கெட்டியான கறுப்புப் படிவு. இன்ஜெக்டரின் அடியிலுள்ள செம்பு வாஷர் சரியாக அடைக்காமல், எரிந்த வாயு கசிந்து கசிந்து ஆயில் ஆவியுடன் சேர்ந்து இப்படி இறுகும். ஆரம்பத்தில் ஐடிலில் ‘சுஃப் சுஃப்’ என்று மெல்லிய சத்தமும், வண்டி நிற்கும்போது ஏசி வழியாகப் புகை வாடையும் வரும். அப்போதே கவனித்தால் ஒரு வாஷரோடு முடியும். பல காலம் விட்டால் இன்ஜெக்டர் அந்தக் கரியில் புதைந்து, எடுக்கும்போது உடைந்துபோகும். என் வண்டியில் அதற்கு முந்தைய நிலை.

முதல் நாள் மாலையே ஊடுருவும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு ஊறவைத்தேன். மறுநாள் இன்ஜினை மிதமாகச் சூடாக்கி நிறுத்தி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து, இரும்புக் குழாயைக் கழற்றி, திறந்த வாய்கள் எல்லாவற்றுக்கும் சுத்தமான மூடி போட்டேன். காமன் ரெயிலில் கண்ணுக்குத் தெரியாத தூசிகூட இன்ஜெக்டருக்குள் போகக் கூடாது. கிளாம்ப் போல்ட்டை எடுத்த பின், ஸ்லைடு ஹேமரை (தண்டில் நழுவித் தட்டும் சுத்தியல்) மாட்டி நேர் மேலாக மெதுவாகத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் உள்ளிருக்கும் துல்லியமான உடல் வளைந்துவிடும். மெக்கானிக் அண்ணன் ஒருவர் முன்பு சொல்லித் தந்ததை அப்படியே கடைப்பிடித்தேன்: “தம்பி, இழுக்காதீங்க, தட்டுங்க. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல எண்ணெய் உள்ள இறங்க நேரம் குடுங்க.”

வெளியே வந்த பின் வாஷர் உட்காரும் இருக்கையைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. சிலிண்டருக்குள் போகும் துளையில் கிரீஸ் தடவிய துணித்துண்டைச் செருகி அடைத்து, கைச் சீட் கட்டரால் கரியை மட்டும் சுரண்டி எடுத்தேன். அலுமினியத்தைக் குடைந்துவிடாமல், கறுப்பு போய் முழு வட்டமும் ஒரே மாதிரி மின்னும் வரை. தூளை வேக்யூமில் உறிஞ்சிய பிறகே துணியை வெளியே எடுக்க வேண்டும். வாஷர் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அதே தடிமன் வேண்டும். நாசில் சிலிண்டருக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தடிமன்தான். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், இரண்டாம் முறை அடைக்காது. கிளாம்ப் போல்ட்டும் இழுபடும் வகை என்றால் புதியது போட வேண்டும்.

மற்ற மூன்றையும் வெளியே எடுத்து, நான்கையும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்பினேன். மூன்றும் பீய்ச்சும் அளவிலும் ரிட்டர்னிலும் வரம்புக்குள் இருந்தன. மூன்றாவதில் வால்வு இருக்கையும் நாசிலும் தேய்ந்திருந்ததால் இரண்டையும் மாற்றி, புதிய திருத்தக் குறியீடு போட்டுத் தந்தார்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று பொறித்திருக்கும். உற்பத்தியில் நேர்ந்த நுண்ணிய வேறுபாட்டை இசியூ சரிசெய்ய அது தேவை. ஆகவே எடுத்த சிலிண்டரிலேயே திரும்பப் போட வேண்டும். பாகம் மாறியிருந்தால் புதுக் குறியீட்டை ஸ்கேனரில் பதிய வேண்டும். இதைப் பதியாமல் விட்டுவிட்டு “ஐடிலில் ஆடுகிறது, இன்ஜெக்டர் மறுபடி போச்சு” என்று சொல்லப்படும் வண்டிகள் நிறைய.

பூட்டிய பின் டீசல் லைனிலுள்ள காற்றைக் கையால் அமுக்கும் பிரைமர் பம்ப்பால் வெளியேற்றினேன், பல்ப் கெட்டியாகும் வரை. செல்ஃப் அடித்தே காற்றை எடுக்கலாம் என்று விடாமல் சுற்றுவது பம்ப்புக்குக் கேடு. ஹை பிரஷர் பம்ப்புக்கு ஆயில் டீசல்தான். வறண்டு சுற்றினால் அதன் உலோகம் உராய்ந்து, அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்குள்ளும் போய்விடும். அதே காரணத்தால் டேங்கை அடிமட்டம் வரை காலி செய்வதையும் நாங்கள் விட்டுவிட்டோம். பெட்ரோல் தவறி ஊற்றப்பட்ட டீசல் வண்டியின் சாவியைக்கூடத் திருப்பக் கூடாது என்பதும் இதனால்தான்.

சூட்டில் இப்போது இரண்டு வினாடிக்குள் பிடிக்கிறது.

இன்ஜெக்டர் ஏன் தேய்ந்தது என்ற கேள்வி இருந்தது. டீசல் ஃபில்டரின் அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தேன். அடியில் தெளிவாக ஒரு படலம் தண்ணீர். காலியான டேங்கில் காற்று குளிரும்போது படியும் ஈரமும், எரிபொருளோடு வரும் ஈரமும் அங்கே சேரும். தண்ணீருக்கு வழுவழுப்பு இல்லை. இன்ஜெக்டர் வால்வில் அது செய்யும் அரிப்பு திரும்பப் பெற முடியாதது. பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளைப் பிரித்து, அடியில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன். மினுமினுக்கும் உலோகத் தூள் ஏதுமில்லை. இருந்திருந்தால் பம்ப் தேய்கிறது என்று பொருள், வேலையும் செலவும் பல மடங்காகியிருக்கும். கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே ஃபில்டர் மாற்றுவது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வண்டியில் செய்யும் பராமரிப்புகளில் இதைவிடப் பலன் தரும் சிறு செலவு வேறில்லை.

இன்ஜெக்டர்கள் வெளியே இருந்தபோதே இன்டேக் மேனிஃபோல்டையும் ஈஜிஆர் வால்வையும் கழற்றினேன். எரிந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு, ஆக்சிஜனைக் குறைத்து, எரியும் வெப்பத்தைத் தணிப்பது ஈஜிஆரின் வேலை. நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவது அதனால்தான். அந்த வாயுவோடு வரும் புகைக்கரி, கிராங்க் கேஸ் பிரீதர் வழியே வரும் ஆயில் ஆவியில் ஒட்டிப் பிசினாகிறது. பள்ளிக்கும் கடைக்கும் என்று குறுந்தூரம் ஓடும் குடும்ப வண்டியில் இது வேகமாகச் சேரும். என் மேனிஃபோல்டின் வாய்கள் மூன்றில் ஒரு பங்கு அடைத்திருந்தன. மரக்குச்சி, பிளாஸ்டிக் சுரண்டி, கார்புரேட்டர் கிளீனர், பல முறை ஊறவைத்துக் கழுவுதல். ஒரு முழுப் பகல் பிடித்த அழுக்கு வேலை. வால்வின் தண்டு எந்த இடத்திலும் சிக்காமல் முழுதாக மூடுகிறதா என்று பார்த்து, புது கேஸ்கட்டோடு மாட்டினேன். ஓடும் இன்ஜினில் கிளீனரைக் காற்று வழியாகத் தெளித்துவிடும் முறையை நான் விரும்புவதில்லை. பெயர்ந்த கெட்டிக் கரி எங்கே போகும் என்று நம்மால் கட்டுப்படுத்த முடியாது. அதிகமாகப் போன கிளீனரே எரிபொருளாகி இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றவும் கூடும். டர்போவின் சீல் போய் ஆயில் உள்ளே புகுந்தாலும் இதே ஆபத்துதான். அப்போது சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது. பிரேக்கை அழுத்தி, உயர் கியரில் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அடக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் காற்று போகும் வழியை அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஹீட்டர் பிளக் நான்கும் நல்லபடியாக இருந்தன. மீட்டரில் ஒவ்வொன்றும் ஒரு ஓமுக்குக் கீழே. நல்லதாக இருப்பதைத் தொடவில்லை. மாற்ற வேண்டி வந்தால் சூடான இன்ஜினில், டார்க் ரெஞ்ச்சால்தான் தளர்த்த வேண்டும். 10 மில்லிமீட்டர் மரையுள்ளதற்கு 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் பலம் கொடுத்தால் முறிந்து, சிலிண்டர் ஹெட்டையே இறக்க நேரும்.

ரப்பர் குழாய்களும் விளக்குகளும்

இதற்கு முன் ஒருமுறை மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து, கறுப்புப் புகையோடு இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி0299, டர்போ அழுத்தம் போதவில்லை. இந்தக் குறியீட்டைப் பார்த்ததும் டர்போவை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. குறியீடு சொல்வது அழுத்தம் குறைவு என்பதை மட்டும்தான், யார் குறைத்தது என்று அது சொல்லாது. டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களை ஒருபுறம் அடைத்து, மறுபுறம் அரை பார் காற்றை விட்டு, மூட்டுகளில் சோப்பு நுரை தடவினேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் உட்காரும் இடத்திலேயே ஒரு வெடிப்பு. சுற்றிலும் ஆயில் ஈரம். குழாய் மாற்றியதும் சரியாயிற்று. வேக்யூம் குழாய்களும் அப்படியே. டீசலில் பெட்ரோல் இன்ஜின் போல இன்டேக்கில் போதிய வெற்றிடம் உண்டாகாது. அதற்கென்று தனிப் பம்ப் இருக்கும். பிரேக் பூஸ்டர், பல வண்டிகளில் டர்போவின் கை, ஈஜிஆர் எல்லாம் அதை நம்பியவை. பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் டர்போவே போனது போல வண்டி படுத்துவிடும்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தபோதும் இதே பாடுதான். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியே அளக்கிறது. அதில் ஒரு குழாய் வெந்து ஓட்டையாகியிருந்தது. சென்சார் சொன்ன எண்ணே பொய். ஃபில்டரை அறுத்து எடுத்துவிடச் சொன்னவர்கள் இருந்தார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், எங்கே இருந்தாலும் பின்னால் நடந்து வரும் குழந்தையின் மூச்சில் அந்தக் கரியைக் கலக்க எனக்கு மனமில்லை.

டிபிஎஃப் உள்ள வண்டியில் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேர்ந்த கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வேண்டும். அதற்காக இசியூ கூடுதல் டீசலைப் பீய்ச்சும். பத்து இருபது நிமிடம் தொடர்ந்து ஓடினால் அந்த வேலை முடிந்துவிடும். நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். டீசல் வண்டியில் மட்டம் ஏறினாலும் ஆபத்து. எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டுகிறோம். மட்டம் மேல் கோட்டைத் தாண்டினால் தூரம் பார்க்காமல் ஆயில் மாற்றிவிடுகிறோம். ஆயிலின் கெட்டித்தன்மை மட்டும் பொருந்தினால் போதாது. சாம்பல் குறைந்த வகை, ஏசிஇஏ சி3 போல கையேடு கேட்கும் தரம் வேண்டும். கரி எரிந்து போகும், ஆயிலின் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். மாற்றிய ஆயில் இரண்டொரு நாளில் கறுத்துவிடுவதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். டீசலில் அது இயல்பு.

பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் மட்டும் நான் அளந்து முடிவு செய்யாத வேலை. கண்ணால் பார்த்து அதன் ஆயுளைச் சொல்ல முடியாது. கையேட்டில் உள்ள தூரம், ஆண்டு இரண்டில் எது முந்துகிறதோ அதுவே தேதி. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வரும்போது திறந்திருக்கும் வால்வில் மோதும், அதோடு ஹெட் போயிற்று. குறைவாக ஓடும் வண்டிக்காரர்கள் ஆண்டுக்கணக்கை மறந்துவிடுவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றினேன். பழைய ஐட்லரைக் காதோரம் வைத்துச் சுற்றினால் மணல் அரைவது போல் கேட்டது. பம்ப்பின் கசிவுத் துளையில் கூலன்ட் காய்ந்த கறை. கேம்ஷாஃப்ட் சீல் லேசாகக் கசிந்ததால் அதுவும் புதிது. ஆயில் பட்ட பெல்ட் தன் காலத்துக்கு முன்பே பல் உதிர்க்கும். கிராங்க்குக்கும் கேமுக்கும் பூட்டு ஊசி போட்டு, பெல்ட்டை ஏற்றி, ஊசிகளை எடுத்து, ஸ்பேனரால் கிராங்க்கை அதன் சுழல் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். அதன்பின் ஊசிகள் தடையில்லாமல் திரும்ப நுழைந்தன. நுழையாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கையால் சுற்றும் இந்த இரண்டு சுற்றைத் தவிர்த்துவிட்டுச் சாவியைத் திருப்பவே கூடாது.

மற்றவை சுருக்கமாக. பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பின் அதன் வரம்பு 155 டிகிரிதான், நீண்ட இறக்கத்தில் அது போதாது. சஸ்பென்ஷனில் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் மாற்றியதும் வண்டி பத்து வயது குறைந்தது. இன்ஜின் மவுன்ட்டில் உள்ளிருந்த திரவம் ஒழுகி, ஐடிலில் ஸ்டியரிங் நடுங்கியது. அதை இன்ஜெக்டர் குறை என்று நினைத்துவிடுவது எளிது. டீசல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் லிட்டரையும் கிலோமீட்டரையும் குறித்து வைக்கிறோம். ஒரு கட்டத்தில் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தது. ஓட்டி நிறுத்தியதும் வெப்பமானியை நான்கு டிஸ்க்குகளிலும் காட்டினேன். பின் இடது சக்கரம் மற்றதைவிட 40 டிகிரி கூடுதல். பிரேக் கேலிபர் நகரும் ஊசி சிக்கியிருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் போட்டதும் மைலேஜ் பழைய இடத்துக்கு வந்தது.

இப்போது மீதி இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல், அதாவது இன்ஜினின் அதிர்வைத் தணிக்க நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம். இன்ஜினை நிறுத்தும் நொடியில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் ஐடிலில் சத்தம் மாறுகிறது. கிளட்ச் இன்னும் வழுக்கவில்லை, கியர் சுத்தமாக விழுகிறது. கியர் பாக்ஸை இறக்காமல் ஃப்ளைவீலின் ஆட்டத்தை அளக்க முடியாது. ஆகவே வேலையைக் கிளட்ச் தேய்ந்து முடியும் வரையோ, நிறுத்தும்போது வரும் சத்தம் ஓடும்போதும் வரத் தொடங்கும் வரையோ தள்ளியிருக்கிறேன். அன்று கியர் பாக்ஸ் இறங்கும்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் பின் ஆயில் சீல் எல்லாம் ஒரே முறையில் மாறும். பாகங்களின் எண்களைக் குறித்து வைத்துவிட்டேன். ஆயில் சீலை மட்டும் இப்போதே வாங்கி வைக்கவில்லை, ரப்பர் அலமாரியிலும் வயதாகும்.